பட்ஜெட் கேமிங் பிசி: ஸ்டிக்கர்ல பெருசா போட்டிருக்கிற நம்பரை நம்பி வாங்காதீங்க

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்லயும் சரி, ஆன்லைன்லயும் சரி, "ஐ7 கேமிங் பிசி"னு ஆச்சரியப்படுற அளவுக்கு கம்மி ரேட்ல ஒரு செட் எப்பவும் ஓடிட்டே இருக்கும். எந்த ஐ7னு ஒரு வார்த்தை கேளுங்க. பெரும்பாலும் ஐ7-2600 இல்லன்னா 3770ஆ இருக்கும், அதாவது 2011, 2012ல வந்த ப்ராசசர், ஏதோ ஆபீஸ் சிஸ்டத்துல இருந்து கழட்டினதை எச்61னு அதே காலத்து மதர்போர்டுல மாட்டி, கலர் கலரா லைட் எரியற கேபினெட்டுக்குள்ள வெச்சு குடுத்துடுவாங்க. அதுலயும் நாலு கோர் எட்டு த்ரெட் தான், 2022ல வந்த ஐ3-12100எஃப்லயும் நாலு கோர் எட்டு த்ரெட் தான், ஆனா கேம்ல அந்த ஐ3 பக்கத்துல கூட இந்த ஐ7 வராது. இன்னொரு தலைவலி, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, இந்த பழைய ப்ராசசர்ல 11 முறைப்படி ஏறாது, குறுக்கு வழியில ஏத்தினாலும் அதுல வேலரன்ட் கேம் ஓடணும்னா டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு போர்டுல ரெண்டு பாதுகாப்பு வசதியும் வேணும்.

இந்த கதை தான் ஒவ்வொரு பார்ட்லயும். பெருசா எழுதினது ஒண்ணு, உள்ள இருக்கிறது ஒண்ணு.

கிராபிக்ஸ் கார்டுல தான் இது ரொம்ப மோசம். "எத்தனை ஜிபி கார்டு?"னு கேட்டு வாங்குறவங்க தான் அதிகமா மாட்டுறாங்க. ஜிடி 1030னு ஒரே பேர்ல ரெண்டு கார்டு இருக்கு, ஜிடிடிஆர்5 மெமரி போட்டதுக்கு பேண்ட்விட்த், அதாவது மெமரில டேட்டா போய் வர்ற வேகம், நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 போட்டதுக்கு வெறும் 16.8, ரெண்டுலயும் மெமரி 2 ஜிபி தான். ஆர்டிஎக்ஸ் 3050 எடுத்துக்கோங்க, 8 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் நடுவுல 2 ஜிபி மெமரி மட்டும் குறையுதுன்னு நினைப்போம், உண்மையில கோர் 2560ல இருந்து 2304 ஆகுது, மெமரி பஸ், அதாவது டேட்டா போற பாதையோட அகலம், 128 பிட்ல இருந்து 96 பிட் ஆகுது. அந்த 6 ஜிபி கார்டு குப்பைனு சொல்லல, 70 வாட் தான் இழுக்கும், பழைய ஆபீஸ் டெல் பிசில மாட்ட அருமையான கார்டு, ஆனா புதுசா பில்ட் பண்றவங்க 8 ஜிபி ரேட்டுக்கு பக்கத்துல குடுத்து அதை வாங்க வேணாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு பொறி. 4 ஜிபி மெமரி, அதோட பிசிஐஇ லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போற வழி) நாலே நாலு தான், ஏ520, பி450 மாதிரி பழைய பிசிஐஇ 3.0 போர்டுல போட்டா அந்த வழி இன்னும் பாதியாயிடும், மெமரி நிறைஞ்சதும் கேம் திக்கித் திக்கி ஓடும். கொஞ்சம் காசு சேர்த்து ஆர்எக்ஸ் 6600 கிடைச்சா அதுக்கே போங்க.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், பிசிக்கு கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை. கேபினெட்டோட ஃப்ரீயா வர்றதை காட்டி "ஐநூறு வாட் தம்பி, தாராளமா போதும்"பாங்க. திருப்பி பக்கவாட்டுல இருக்கிற ஸ்டிக்கரை படிங்க. +12 வோல்ட்னு ஒரு கட்டம் இருக்கும், அதுக்கு கீழ ஆம்பியர். 16னு போட்டிருந்தா 12ஐ 16ஆல பெருக்குங்க, 192 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுறது அந்த லைன்ல இருந்து தான். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட், ரைசன் 5 5600 ஃபுல் லோடுல 76 வாட் வரைக்கும் போகும், கூட்டினா 208, ஃபேன் சேர்க்காமலே தாண்டியாச்சு. சும்மா பிரவுசிங் பண்ணும்போது ஒண்ணும் தெரியாது, கேம்ல பெரிய சீன் வரும்போது படக்குனு ரீஸ்டார்ட் ஆகும், நீங்க கார்டு போச்சுன்னு நினைச்சுட்டு சர்வீஸுக்கு அலைவீங்க. நல்ல 450 வாட் யூனிட்ல அந்த கட்டத்துல 36 ஆம்பியர் பக்கம் இருக்கும். 80 பிளஸ் முத்திரை இருந்தா நல்லது தான், ஆனா அது கரண்ட் எவ்வளவு வீணாகுதுங்கிறதுக்கான சர்ட்டிஃபிகேட், ஷார்ட் ஆனா காப்பாத்துமாங்கிறதுக்கு இல்ல.

ப்ராசசர் பேர்ல கடைசி எழுத்தை விட்டுடாதீங்க. இன்டெல்ல எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாம டிஸ்ப்ளே வராது. ரைசன்ல 5600க்கு எல்3 கேச் (ப்ராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, 5600ஜிக்கும் 5500க்கும் 16 தான், இந்த ரெண்டும் பிசிஐஇ 3.0ல நின்னுடும், பி550 போர்டே வாங்கினாலும். 5600ஜில உள்ளயே கிராபிக்ஸ் இருக்கு, அதனால கார்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு இருக்கிறவங்களுக்கு அது சரி, இப்பவே கார்டு போடுறவங்க அதை எதுக்கு வாங்கணும்?

ராம் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா வாங்காம ரெண்டு 8 ஜிபியா வாங்குங்க, ஒத்தை ஸ்டிக்ல பேண்ட்விட்த் பாதி, 5600ஜி மாதிரி உள்ள இருக்கிற கிராபிக்ஸ்ல கேம் ஆடுறவங்களுக்கு இது நேரடியா எஃப்பிஎஸ்ல (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வருதுங்கிறதுல) அடிக்கும். 3200 ஸ்பீடுனு வாங்கின பல ராம், பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ் பக்கத்துல) எக்ஸ்எம்பிங்கிற ராம் ஸ்பீடு செட்டிங்கை ஆன் பண்ற வரைக்கும் 2400, 2666லயே ஓடிட்டு இருக்கும், டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போனா ஸ்பீடு தெரியும். எச்610 போர்டுல டிடிஆர்4 ராமுக்கு தனி மாடல், டிடிஆர்5க்கு தனி மாடல், மாத்தி வாங்கினா ஸ்லாட்லயே உட்காராது.

கேபினெட் முன்பக்கம் கண்ணாடியா இல்லாம காத்து போற மாதிரி வலையா (மெஷ்) இருந்தா போதும். எஸ்எஸ்டி வேகத்துக்கு அதிகம் குடுக்காதீங்க, கேம் சீக்கிரம் லோட் ஆகுமே தவிர எஃப்பிஎஸ் ஏறாது.

செகண்ட் ஹேண்ட் கார்டுன்னா பென் டிரைவ்ல ஜிபியு-இசட்னு கார்டோட விவரம் காட்டுற சாஃப்ட்வேரை போட்டு எடுத்துட்டுப் போங்க. 2010ல வந்த ஜிடிஎஸ் 450ல கார்டுக்குள்ள இருக்கிற பயாஸை மாத்தி ஜிடிஎக்ஸ் 1050 டிஐனு விக்கிறது பழைய டெக்னிக், அந்த சாஃப்ட்வேர் பேர் பக்கத்துலயே ஃபேக்னு காட்டிக் குடுத்துடும். புதுசுன்னா "பில் வேணாம்னா 18 பெர்சன்ட் மிச்சம்"னு ஆசை காட்டுவாங்க, சீரியல் நம்பரோட பில் இல்லாம வாரண்டிக்கு நின்னா யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க.

எல்லாம் மாட்டி ஆன் பண்ணி ஸ்கிரீன் கறுப்பா நின்னா உடனே கடைக்கு போன் போடாதீங்க, மானிட்டர் கேபிள் போர்டுல சொருகி இருக்கான்னு பாருங்க, அது கீழ கிராபிக்ஸ் கார்டுல இருக்கிற ஓட்டையில போகணும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினவங்க விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் அதையும் மாத்திடுங்க, மாத்தாம 60லயே மாசக்கணக்கா ஆடிட்டு இருக்கிறவங்க நிறைய பேர்.