வீட்டு இன்சூரன்ஸ்: எது கவர் ஆகும், எது ஆகாது, நான் கோட்டை விட்டது எங்க

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ பள்ளிக்கரணையில எங்க கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. ஃப்ரிட்ஜ் ஒருக்களிச்சு மிதந்துச்சு, ப்ளைவுட் கட்டிலோட அடிப்பலகை ஊறி அப்பளம் மாதிரி உப்பிப்போச்சு. எனக்கு ஆனா பெரிய பதட்டம் இல்ல, ஏன்னா லோன் வாங்கும்போதே பேங்க்ல "சார் ஹோம் இன்சூரன்ஸ்"னு சொல்லி 1,40,000 ரூபா லோனோட சேர்த்துப் பிடிச்சிருந்தாங்க, அது இருக்குன்னு ஒரு தெனாவட்டு. தண்ணி வடிஞ்சப்புறம் பீரோ மேல இருந்த ஃபைலை எடுத்து முதல் தடவையா முழுசா படிச்சா, அது நான் செத்துப்போனா லோன் பாக்கியை அடைக்கிற பாலிசி. வீடு முழுகினதுக்கு அதுல ஒரு பைசா கிடையாது.

அதுக்கப்புறம் உக்காந்து கத்துக்கிட்டதுதான் இது. இன்சூரன்ஸ்னா என்ன, பிரீமியம்னா என்னன்னெல்லாம் ஆரம்பிக்கப் போறதில்ல.

ஸ்டெப் 1: கையில இருக்கிறது எந்த பேப்பர்னு பாருங்க

தயவுசெஞ்சு இதை ஸ்கிப் பண்ணாதீங்க, நான் விழுந்த குழி இதுதான். கம்பெனி பேர்ல "லைஃப்"னு இருக்கா, பாலிசில உங்க பிறந்த தேதி, நாமினி, வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்ற ஒரு தொகைப் பட்டியல் இருக்கா, அப்ப அது லோன் ப்ரொடெக்‌ஷன், உங்க உயிருக்கானது. வீட்டுக்கானதுன்னா வீட்டு அட்ரஸ் "ரிஸ்க் லொகேஷன்"னு இருக்கும், பில்டிங்குக்கு இவ்வளவு, கன்டென்ட்ஸுக்கு இவ்வளவுன்னு தனித்தனியா சம் இன்ஷூர்டு (அதிகபட்சமா கிடைக்கிற தொகை) போட்டிருக்கும். மூணாவதா ஒண்ணு இருக்கு: பேங்க் தன் கடன் பாதுகாப்புக்காக எடுக்க வைக்கிற பாலிசி, அதுல கட்டடம் மட்டும் இருக்கும், உள்ள இருக்கிற சாமானுக்கு ஒண்ணும் இருக்காது. மூணையும் "ஹோம் இன்சூரன்ஸ்"னுதான் எல்லாரும் வாயால சொல்லுவாங்க.

ஸ்டெப் 2: பாலிசி வேர்டிங்கை டவுன்லோட் பண்ணுங்க

2021 ஏப்ரல் 1லேர்ந்து ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அமைப்பு) ஒரு பொது பாலிசி கொண்டு வந்திருக்கு, பேரு பாரத் கிருஹ ரக்‌ஷா. வீட்டுக்கு ஃபயர் இன்சூரன்ஸ் விக்கிற எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் குடுத்தே ஆகணும்னு அப்ப விதி போட்டாங்க, அடிப்படை கவர் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். அதனால நாலு கம்பெனி ப்ரோஷர வச்சு மண்டையை உடைச்சுக்காதீங்க, விலையும் கூடுதல் கவரும் மட்டும் பாருங்க. கம்பேர் பண்ற சைட்ல நம்பர் குடுத்துட்டா மூணு மாசத்துக்கு போன் ஓயாது, நான் நேரா கம்பெனி சைட்லயே வாங்கினேன். கலர் கலரா இருக்கிற ப்ரோஷர் வேற, விதி எல்லாம் முழுசா எழுதியிருக்கிற வேர்டிங் பிடிஎஃப் வேற, க்ளெய்ம்ல பேசுறது ரெண்டாவதுதான்.

தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, மரமோ வண்டியோ வந்து மோதுறது, கலவரம், தீவிரவாதம், தண்ணி டேங்க்கோ பைப்போ வெடிக்கிறது, இதெல்லாம் உள்ள. வீடு தங்க முடியாத அளவுக்குப் போச்சுன்னா ரிப்பேர் முடியிற வரைக்கும் வேற வீட்டு வாடகைக்கும் வழி இருக்கு, இது பாதி பேருக்குத் தெரியாது.

ஸ்டெப் 3: எவ்வளவு தொகைக்கு எடுக்கணும்

நான் முதல்ல ஃபார்ம்ல 60 லட்சம்னு போட்டேன், ஃப்ளாட் அந்த விலைக்குத்தான் போகுதுன்னு. தப்பு. நிலம் எரியாது, அடிச்சுக்கிட்டும் போகாது, கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகிற செலவு மட்டும்தான் கணக்கு. கார்பெட் ஏரியாவை (வீட்டுக்குள்ள புழங்குற தரை அளவு) சதுர அடிக்கு ஆகிற கட்டுமானச் செலவால பெருக்குங்க. எனக்கு 720 சதுர அடி, 2,500 ரூபா வீதம் 18 லட்சம். பில்டிங் எடுத்தா அதுல 20% தானாவே வீட்டுச் சாமானுக்கு வந்துடும், உச்ச வரம்பு 10 லட்சம். எனக்கு 3,60,000 வந்துச்சு. பத்தலைன்னா லிஸ்ட் குடுத்து ஏத்திக்கலாம். ஜிஎஸ்டி சேர்த்து வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. அந்த 1,40,000ஐ நினைச்சா இப்பவும் வயிறு எரியுது, அது எதுல கவர் ஆகும்னு தெரியல.

நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் எல்லாம் இந்தச் சாமான் கணக்குல வராது, தனியா ஆப்ஷன் எடுக்கணும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ள, ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ள இருந்தா மதிப்பீட்டு சர்டிஃபிகேட் வேணாம். இன்னைக்கு தங்க விலையில ரெண்டு சவரன் செயினே அந்த 1 லட்சத்தைத் தாண்டிடும், அதனால நகைக்கடை சர்டிஃபிகேட் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: எது ஆகாது

முக்கியமானது திருட்டு. மே மாசம் ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா பூட்டு உடைஞ்சிருக்குன்னா அடிப்படை பாலிசில ஒண்ணும் கிடைக்காது. புயல், தீ மாதிரி ஏதாவது நடந்து, அதனால 7 நாளுக்குள்ள திருடு போனா மட்டும்தான். மத்தபடி பர்க்ளரி கவர் தனியா சேர்க்கணும், நான் சேர்த்திருக்கேன்.

கரன்ட் விஷயம்: ஷார்ட் சர்க்யூட்ல ஏசி கருகிப்போனா அந்த ஏசிக்குப் பணம் இல்ல. அதுலேர்ந்து தீ பரவி ஜன்னல் திரை, கட்டில் எரிஞ்சா அதுக்கெல்லாம் உண்டு. வோல்டேஜ் ஏறி டிவி போச்சு, ஃப்ரிட்ஜ் போச்சுங்கிறதுக்கு வேற ஆட்-ஆன் (கூடுதல் கவர்) தேடணும், இல்ல ஒழுங்கா ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிடுங்க.

இதுல எல்லாரும் குழம்புற இடம் தண்ணி. ஒரே சுவர், மூணு விதமா நனையும். வெள்ளம் வந்து நனைஞ்சா கவர். மாடி பைப் வெடிச்சு நனைஞ்சா கவர். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு வழியா ரெண்டு வருஷமா ஊறி ஓதம் ஏறியிருந்தா கிடையாது, அது பராமரிப்புக் குறை. திடீர்னு நடந்ததா, மெள்ள நடந்ததாங்கிறதுதான் கேள்வியே. புதுக் கட்டடம் உக்கார்றதுல வர்ற விரிசல், மேஸ்திரி ஒழுங்கா வேலை செய்யாததால வர்றது, இதுவும் இதே கணக்குதான்.

போன வருஷம் மேல் வீட்டு வாஷிங் மெஷின் பைப் ராத்திரி பிச்சுக்கிட்டு எங்க ஹால் ஃபால்ஸ் சீலிங் இறங்கிடுச்சு, டிவி யூனிட்டும் போச்சு. சேதத்தைப் பார்த்து மதிப்பு போடுற சர்வேயர் வந்தாரு. சீலிங்கை ஒரு பார்வைதான் பார்த்தாரு, நேரா சுவர் அடியில குந்தி உக்காந்து நகத்தால பட்டியைச் சுரண்டினாரு, வெள்ளையா உப்புப் பூத்துப் பொலபொலன்னு கொட்டுச்சு. "இது பழசு சார்"னாரு. மேல இருந்த மஞ்சள் கறைக்கு எழுதினாரு, கீழ ரெண்டு அடிக்கு எழுதல. எனக்குக் கோவம்தான், ஆனா அது பழசுங்கிறது அவர் சொல்லித்தானா எனக்குத் தெரியணும்.

கேஷ், காசோலை, வண்டி எதுவும் இதுல வராது. பார்க்கிங்ல கார் முழுகினா மோட்டார் பாலிசி, அதுலயும் இன்ஜின் ப்ரொடெக்‌ஷன் ஆட்-ஆன் இல்லன்னா தண்ணில நிக்கிற வண்டியைத் தெரியாமக்கூட ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, தண்ணி உள்ள போய் இன்ஜின் மடங்கிடும், அதுக்குப் பணம் தர மாட்டாங்க.

ஸ்டெப் 5: இன்னைக்கே ஒரு வீடியோ

எக்செல் லிஸ்ட் போடுறேன்னு ஆரம்பிச்சவங்க யாரும் முடிச்சு நான் பார்த்ததில்ல. போனை எடுத்து வாசல்லேர்ந்து சமையல்கட்டு வரைக்கும் பேசிக்கிட்டே ஒரு வீடியோ எடுங்க, பீரோவைத் திறந்து காட்டுங்க, ஃப்ரிட்ஜ் பின்னாடி மாடல் நம்பர் ஸ்டிக்கரைக் காட்டுங்க. சுவர் அடிப்பக்கத்தையும் எடுங்க, ஏன்னு மேலயே சொல்லிட்டேன். ட்ரைவ்ல ஏத்திடுங்க, போன்லயே வச்சிருந்தா போனும் சேர்ந்து முழுகும்.

ஏதாவது நடந்தா அன்னைக்கே கம்பெனிக்கு சொல்லிடுங்க, சுவர்ல தண்ணி நின்ன கோடு தெரியிற மாதிரி போட்டோ எடுங்க, சர்வேயர் பார்க்கிற வரைக்கும் நனைஞ்ச மெத்தையைக்கூட வெளியில தூக்கிப் போடாதீங்க, நாத்தம் தாங்கலைன்னா மொட்டை மாடியில போட்டு வைங்க.

அப்டேட்: இதைப் படிச்சுட்டு வாடகை வீட்டுக்காரங்க நிறைய பேர் கேட்டீங்க. பில்டிங் இல்லாம சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், ஆனா அந்தத் தானா வர்ற 20% உங்களுக்கு இல்ல, தொகையை நீங்களே சொல்லணும்.

அப்டேட் 2: அசோசியேஷன் மொத்த ப்ளாக்குக்கும் பாலிசி எடுத்திருந்தா தனியா வேணுமான்னு ஒருத்தர் கேட்டாரு. அந்தப் பாலிசி காப்பியைக் கேட்டு வாங்குங்க, பெரும்பாலும் கட்டடமும் பொது இடமும்தான் இருக்கும். ஒரே சேதத்துக்கு ரெண்டு இடத்துல முழுப்பணம் வாங்க முடியாது, அதனால கட்டடம் அங்க ஒழுங்கா இருந்தா நீங்க சாமானுக்கு மட்டும் எடுங்க.

அப்டேட் 3: க்ளெய்ம் மறுத்துட்டாங்கன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. அவங்களுக்கு போன்ல ஒருத்தர் "மேடம் அது கவர் ஆகாது"ன்னு சொன்னதோட சரி. அது ரிஜெக்‌ஷனே இல்ல. பாலிசியோட எந்த விதிப்படி ஆகாதுன்னு மெயில்ல கேளுங்க, கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் வரலைன்னாலோ வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர்) கிட்ட போகலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணாம், 50 லட்சம் வரைக்கும் அவங்க விசாரிப்பாங்க, சென்னையிலயே ஆபீஸ் இருக்கு. போகும்போது அந்த மறுப்பு மெயிலைப் பிரின்ட் எடுத்துக்கிட்டுப் போங்க.