மொட்டைமாடியிலிருந்து ஒரு சூடான வியாழனைப் பிடிப்பது எப்படி

யோசிக்காமல் எச்டி 189733 நட்சத்திரத்தில் தொடங்குங்கள். பொலிவெண் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் அளவு) 7.7. டம்பெல் நெபுலா என்ற வாயு மேகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தேடி அலைய வேண்டாம். அந்த நட்சத்திரத்தை ஒட்டி ஒரு ராட்சதக் கோள் 2.2 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இப்படி நட்சத்திரத்துக்கு மிக அருகில் சுற்றிச் சூடேறும் வியாழன் போன்ற கோள்தான் 'சூடான வியாழன்'. 2005-இல் பிரான்ஸின் ஓத்-ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். அது குறுக்கே வரும்போது நட்சத்திர வெளிச்சம் சுமார் 2.4% குறையும். அந்தப் பள்ளத்தைத்தான் நாம் பிடிக்கப் போகிறோம்.

கோள் இப்படி நட்சத்திரத்தின் குறுக்கே போவதுதான் கடப்பு. அதன் நேரத்தை நாசா எக்சோபிளானெட் ஆர்க்கைவ் தளம் கணித்துத் தரும். உலக நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்ட மறக்காதீர்கள். கடப்பு 1.8 மணி நேரம்தான் என்றாலும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது படம் எடுங்கள். தரைமட்டம் தெரியாமல் பள்ளத்தின் ஆழத்தை எப்படி அளப்பது?

என்னிடம் இருப்பது ஆறு அங்குல நியூட்டோனியன் (குழியாடி வைத்த தொலைநோக்கி), ஒரு கருப்பு-வெள்ளை சிமாஸ் சென்சார் கேமரா. நட்சத்திரத்தைக் கூர்மையாகக் குவிக்காதீர்கள். மெதுவடை மாதிரி தெரியும்வரை ஃபோகஸைக் கெடுங்கள். ஒளி பல பிக்சல்களில் பரவும், எதுவும் நிரம்பி வழியாது. ஃபிளாட் படங்களும் (தூசி நிழலைக் கழிக்க, சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) கட்டாயம் எடுங்கள். முதல் முறை நான் எடுக்கவில்லை. நட்சத்திரம் உச்சியைத் தாண்டியதும் தாங்கித் திருப்பும் மவுண்ட் தொலைநோக்கியை மறுபக்கம் புரட்டியது, வரைபடத்தில் சட்டென ஓர் இறக்கம். கோள் மாட்டிவிட்டது என்று அப்பாவை எழுப்பிக் காட்டினேன். விடியும்வரை கோடு மேலே ஏறவே இல்லை! சென்சாரில் தூசி படிந்த இடத்துக்கு நட்சத்திரம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் அஸ்ட்ரோஇமேஜ்ஜே. இலவச மென்பொருள். அதே படத்தில் இருக்கும் வேறு இரண்டு மூன்று நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வரைபடம் போடுங்கள். காற்றும் ஈரப்பதமும் எல்லாவற்றையும் ஒன்றுபோல மங்கவைப்பதால் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் கழிந்துவிடும்.

இனி கணக்கு. 0.024-இன் வர்க்கமூலம் 0.155, நட்சத்திரத்தின் ஆரத்தில் கோளின் ஆரம் அவ்வளவு. அந்த நட்சத்திரம் சூரியனில் முக்கால் அளவு என்று வைத்தால், கோள் வியாழனைவிடச் சற்றே பெரியது என்று வரும். நிறையைக் கடப்பு சொல்லாது. அதற்கு ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானி வேண்டும்: கோளின் இழுப்பில் நட்சத்திரம் நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதை வைத்து நிறை வியாழனைப் போல 1.1 மடங்கு என்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீர் அளவுதான்.

பள்ளத்தின் அடியில் சின்ன மேடு தெரிந்தால், கோள் நட்சத்திரத்தின் மேலுள்ள ஒரு கரும்புள்ளியைக் கடந்திருக்கலாம். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவில் அப்படித் தெரிந்தது. நம் மாடியில் என்றால் பெரும்பாலும் மேகம்.