எலும்பிலும் பல்லிலும் முதல் மேய்ப்பர்களைத் தேடும் முறை

கிழக்கு ஆப்பிரிக்காவின் முதல் மேய்ப்பர்களை ஆராய வரும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டிஎன்ஏ எடுக்கலாமா?" என்பதுதான். எடுக்கலாம். ஆனால் ஒருவர் ஆடுமாடு மேய்த்தாரா என்று அவருடைய டிஎன்ஏ சொல்லாது, முன்னோர் யார் என்றுதான் சொல்லும். எந்தக் கேள்விக்கு எந்தத் திசு பதில் தரும் என்று தெரிந்துகொண்ட பிறகே எலும்பில் கை வையுங்கள். பொடியாக்கிய எலும்பு திரும்ப வராது.

முதல் வேலை அனுமதி. கென்யா என்றால் அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகங்களோடு பேசுங்கள். புதிதாகத் தோண்ட அவசரம் வேண்டாம், பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த எலும்புகளே பெட்டிகளில் காத்திருக்கின்றன. அந்த நிலத்தில் இன்று வாழ்பவர்களிடமும் பேசுங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. கென்யாவின் துருக்கானா ஏரி அருகே லோதகம் என்ற இடத்தில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மேய்ப்பர்கள் பெரிய மேடை கட்டி, நடுவே குழி வெட்டி, தலைமுறை தலைமுறையாகப் புதைத்தார்கள். குறைந்தது 580 பேர் இருக்கலாம் என்பது கணிப்பு. குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை அனைவரும் ஒரே இடத்தில், பெரும்பாலும் மணிகளோடு. அவ்வளவு அக்கறையாகப் புதைத்தவர்களிடமிருந்து எடுக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, சேதம் இல்லாமல் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முடியுங்கள்: படம், அளவு, சிடி ஸ்கேன், வயது, ஆணா பெண்ணா என்பது, பல் தேய்மானம். பல்லைத் துலக்கிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அதில் படிந்திருக்கும் பற்காரைதான் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. உண்டதும் குடித்ததும் அதில் சிக்கிக் கெட்டிப்பட்டிருக்கும். பாலில் உள்ள, ஆனால் இறைச்சியில் இல்லாத பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் அதில் கிடைத்தால், அவர் பாலை எந்த வடிவிலோ உட்கொண்டிருக்கிறார். புரதத் துண்டு நன்றாக மிஞ்சியிருந்தால் ஆடா மாடா என்றுகூடப் பிரிக்கலாம். சூடானின் கத்ருகாவில் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் பற்காரையில் பால் புரதம் கிடைத்திருக்கிறது.

இதை டிஎன்ஏவோடு சேர்த்துப் பாருங்கள். கென்யா, தான்சானியாவைச் சேர்ந்த 41 பேரின் மரபணுக்களை 2019இல் வெளியிட்டார்கள். பெரியவரான பிறகும் பாலைச் செரிக்க உதவும் மரபு மாற்றம் அவர்களில் ஒருவரிடம் மட்டுமே இருந்தது, அவர் தான்சானியாவின் கிஷிமங்கேடா குகையைச் சேர்ந்தவர். மாற்றம் பரவும் முன்பே மக்கள் பாலை உட்கொண்டிருக்கிறார்கள்! டிஎன்ஏவை மட்டும் பார்த்திருந்தால் இது நம் கண்ணில் பட்டிருக்காது. அதே ஆய்வில், வெவ்வேறு பானைகளும் கல் கருவிகளும் பயன்படுத்திய இரு மேய்ச்சல் குழுக்கள் வம்சாவளியில் பெரிதாக வேறுபடவில்லை. பானையை வைத்து மக்களைப் பிரிக்காதீர்கள்.

சரி, டிஎன்ஏ எடுப்பது எப்படி? வெப்ப நிலத்தில் அது சீக்கிரம் சிதையும். உள்காதைச் சுற்றியுள்ள கெட்டியான எலும்புதான் நல்ல நம்பிக்கை. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, மறுபக்கத்தை வருங்கால ஆய்வாளருக்கு விடுங்கள். வந்த டிஎன்ஏ துண்டுகளின் நுனிகளில், சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து தைமின் என்ற வேறு எழுத்துபோல் வாசிக்கப்படும் பழைய சேதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உங்கள் கையிலிருந்தே வந்த டிஎன்ஏவாக இருக்கலாம்.

என்ன உண்டார் என்று அறிய, எலும்பின் புரதமான கொலாஜனில் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளக்கும்போது கவனம் தேவை. வெப்பமண்டலப் புல்லை மேய்ந்த மாட்டின் இறைச்சியும் பாலும் கனமான கார்பனின் பங்கைக் கூட்டும். சோளமும் கம்பும் சாப்பிட்டாலும் அப்படியே கூடும். ஏரி மீன் கனமான நைட்ரஜனின் பங்கைக் கூட்டும். அதனால் அதே தளத்து விலங்கு எலும்புகளையும் மீன் எலும்புகளையும் அளக்காமல் மனிதரின் எண்ணுக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்.

இடப்பெயர்ச்சியை அறிய ஸ்ட்ரான்ஷியம், அதாவது பாறையிலிருந்து உணவு, நீர் வழியாகப் பல்லுக்குள் வரும் ஒரு தனிமம். பல்லின் எனாமல் உருவான பிறகு மாறாது. முதல் கடைவாய்ப்பல் பிறப்பை ஒட்டிய சில ஆண்டுகளைச் சொல்லும், ஞானப்பல் வளரும் பருவத்தின் பிற்பகுதியைச் சொல்லும். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் இளம் எரிமலைப் பாறைகளுக்கும் அதன் ஓரத்துப் பழம்பாறைகளுக்கும் ஸ்ட்ரான்ஷியம் விகிதம் வேறு என்பதால், இரண்டு பற்களும் வேறுபட்டால் அவர் இடம் மாறி வளர்ந்திருக்கலாம்.

காலக்கணிப்பைக் குழியின் கரியில் செய்யாமல் அதே மனிதரின் எலும்பில் செய்யுங்கள். மீன் அதிகம் உண்டவரின் கார்பன் தேதி உண்மையைவிடப் பழையதாக வரக்கூடும் என்பதால் திருத்தமும் வேண்டும். மிஞ்சிய பொடியையும் துண்டுகளையும் பெயரிட்டு, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தீர்களோ அங்கேயே வைத்துவிடுங்கள்.