குறியாக்கம் செய்த நெடுவரிசையில் தேடுவது எப்படி?

தரவுத்தளத்தில் பயனர்களின் பெயர், தொலைபேசி எண் இரண்டையும் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த அன்றே என் தேடல் பக்கம் நின்றுபோனது. நான் பயன்படுத்திய ஏஇஎஸ்-256-ஜிசிஎம் என்ற குறியாக்க முறை ஒவ்வொரு முறையும் புதிய 12 பைட் நான்ஸ் (ஒரே முறை பயன்படும் மதிப்பு) எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரே எண்ணை இரண்டு தடவை குறியாக்கினால் இரண்டு வேறு விடைகள் வரும். பாதுகாப்புக்கு அதுதான் வேண்டும், ஆனால் தேட முடியாது. எல்லா வரிசைகளின் குறியாக்கத்தையும் அவிழ்த்துப் பார்த்துத் தேடினால் அட்டவணை வளர வளர நொண்டும்.

இதற்கு வழி பிளைண்ட் இண்டெக்ஸ்: அசல் மதிப்பைக் காட்டாமல் தேட உதவும் துணை நெடுவரிசை.

படி 1: குறியாக்கத்தை உங்கள் நிரலிலேயே செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள்ளேயே குறியாக்கம் செய்யும் பிஜிகிரிப்டோ நீட்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாவி எஸ்கியூஎல் வாக்கியத்தோடு சர்வருக்குப் போகிறது, லாகிலும் பதிந்துவிடலாம். நான்ஸ், குறியாக்கிய தரவு, தரவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் 16 பைட் டேக் மூன்றையும் ஒட்டி ஒரே பைனரி நெடுவரிசையில் வையுங்கள்.

படி 2: பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை. அதில் அதே மதிப்பின் எச்மேக்-ஷா-256, அதாவது ஒரு ரகசியச் சாவியோடு கணக்கிடும் ஹேஷ் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும், திருப்பி அவிழ்க்க முடியாத குறியீடு). இதற்குச் சாவி தனியாக இருக்கட்டும். இந்த நெடுவரிசைக்கு வழக்கமான இண்டெக்ஸ் போடுங்கள். தேடும்போது, தேடும் சொல்லுக்கும் எச்மேக் கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும். சாவி இல்லாத வெறும் ஷா-256 வேண்டாம். 10 இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடிதான். அத்தனைக்கும் ஹேஷ் போட்டுப் பார்ப்பது சாதாரணக் கணினியால் முடிகிற வேலை.

படி 3: எச்மேக்குக்கு முன் உள்ளீட்டைச் சீராக்குங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தமிழ்ப் பெயர்களில் சில மட்டும் கிடைக்கவே இல்லை. திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன. பைட்டுகளை அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: 'கோ' என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ே', 'ா' என்று இரண்டாகவும் எழுதலாம். ஒரு பைட் மாறினாலே எச்மேக் முழுசாக மாறிவிடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றி, ஓரத்து இடைவெளிகளை வெட்டுங்கள். ஆங்கில எழுத்துகளைச் சிறியதாக்குங்கள். இரண்டு இடத்திலும் ஒரே ஃபங்ஷனை அழைப்பது முக்கியம். இந்த விதியைப் பின்னால் மாற்றினால் இண்டெக்ஸ் முழுவதையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

பின்சேர்க்கை: பாதி எண்ணை வைத்துத் தேட முடியுமா என்று சிலர் கேட்டார்கள். நேரடியாக முடியாது. கடைசி 4 இலக்கங்களுக்கு மட்டும் வேறொரு சாவியில் தனி எச்மேக் நெடுவரிசை வைக்கலாம். அப்புறம், பாலினம், ரத்த வகை போன்றவற்றுக்கு பிளைண்ட் இண்டெக்ஸ் போடாதீர்கள். எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.