தனியாக வேனில் போகிறவர் வழியில் துணை தேடும் விதம்

வேனிலேயே தங்கிச் சென்ற முதல் பயணத்தில் ஐந்து மாதம் சுற்றியும், யாருடனும் பத்து நிமிடத்துக்கு மேல் பேசாமல் திரும்பினேன். தினமும் இடம் மாற்றியதுதான் காரணம். இருட்டிய பின் வந்து விடிந்ததும் கிளம்புகிறவரோடு யார் பழகுவார்கள்? ஆகவே, பிடித்த இடத்தில் இரண்டு இரவாவது தங்குங்கள். முதல் நாள் கையசைப்பவர்கள் இரண்டாம் நாள்தான் நாற்காலியோடு வருவார்கள்.

இடம் தேட ஐஓவர்லேண்டர், பார்க்ஃபோர்நைட் போன்ற செயலிகள் உண்டு. அவற்றில் இருப்பவை, தங்கிப் போனவர்களே எழுதிய குறிப்புகள். தேதியைப் பார்க்காமல் நம்பாதீர்கள்; பழைய குறிப்பை நம்பிப் போய், புதிதாக நட்ட தடைப் பலகையின் முன் நின்றிருக்கிறேன். சிக்னல் கிடைக்காத பகுதிக்கான வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தால் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். வெளி முழுதும் காலியாகக் கிடக்கும்போது இன்னொரு வேனை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து வெளியே உட்காருங்கள். பேசத் தயார் என்பதற்கு அதுவே அடையாளம். அடுத்த வேனில் திரை இழுத்திருந்தால் தட்ட வேண்டாம். பேச்சைத் தொடங்க எனக்குக் கைகொடுத்த இடம் தண்ணீர்க் குழாயடி. தொட்டி நிரம்பும் வரை இருவருமே நின்றாக வேண்டும். முன்னால் பாதை எப்படி என்று கேட்டாலே போதும்.

அதைவிடவும் மனிதர்களை நெருக்கமாக்கியது ஜம்பர் கேபிள், அதாவது தீர்ந்த பேட்டரிக்கு இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கம்பி. ஒரு காலை என் வேன் கிளம்பவே இல்லை. தொலைவில் நின்ற பெண்மணி கேபிளோடு வந்து பொறுமையாகக் கற்றுத்தந்தார். இரண்டு பேட்டரிகளும் 12 வோல்ட்தானா என்று பாருங்கள். வண்டிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கிளிப்பை முதலில் தீர்ந்த பேட்டரியின் பிளஸ் முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையைக் கடைசியாக, நின்றுபோன வண்டியின் எஞ்சினில் பேட்டரியிலிருந்து தள்ளி வெற்று உலோகத்தில் பொருத்துங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கலாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருந்தால் தீப்பிடிக்கும். நல்ல வண்டியின் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதைக் கிளப்புங்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ். சில வண்டிகளில் இதற்கெனத் தனி முனைகள் உண்டு. கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள். அன்று முதல் நான் கேபிள் இல்லாமல் கிளம்புவதில்லை.

மழைக்கு ஒதுங்கி நாலு பேர் உங்கள் வேனுக்குள் உட்காரும் நாளும் வரும். அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அடுப்பிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதற்கான அலாரம் ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள்.

பழகுவது வேறு, எல்லாவற்றையும் சொல்வது வேறு. தனியாக வந்திருப்பதையும், அடுத்த இரவு எங்கே என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லத் தேவையில்லை. தங்கிய இடத்தின் படத்தை, அங்கிருந்து கிளம்பிய பிறகே வெளியிடுங்கள். வண்டியின் முகம் வெளியேறும் பாதையைப் பார்த்திருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் சாமான் எதுவும் வேண்டாம். மனம் சரியில்லை என்றால் காரணம் தேடாமல் கிளம்பிவிடுங்கள். நான் இருமுறை நள்ளிரவில் அப்படிப் புறப்பட்டிருக்கிறேன், வருந்தியதில்லை.

ஒத்துப்போகிறவரோடு சில நாள் சேர்ந்து பயணம் செய்வதானால், பின்னாலேயே தொடர்ந்து ஓட்டாதீர்கள். களைப்பு இரட்டிப்பாகும். மாலையில் சேரும் இடத்தை மட்டும் பேசிக்கொண்டு, பகலில் அவரவர் வேகத்தில் போங்கள். எத்தனை நாள் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிட்டால் பிரியும்போது சங்கடம் இருக்காது. பிரிந்த அன்று மாலை, பத்திரமாகச் சேர்ந்த செய்தியை ஒரு வரியில் அனுப்புங்கள். கேபிள் கொண்டுவந்த பெண்மணிக்கு, இடம் மாறும் ஒவ்வொரு மாலையும் நான் இன்னும் அந்த வரியை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.