டை போடுவதை நிறுத்தி நரைக்கு மாறுவது எப்படி? வேலூர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற செய்முறை

ஹேர் டையை நிறுத்த நினைக்கும் பலரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முழுக்க நரைத்த தலையை யாரும் பெரிதாக அஞ்சுவதில்லை. பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று நிற்கும் இடைக்காலம்தான் கலக்குகிறது. வகிட்டில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு தெரிந்ததும், அடுத்த வாரம் ஒரு கல்யாணம் வந்துவிடும். கை தானாகப் பழைய பாக்கெட்டைத் தேடும். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் அந்த இடைக்காலத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறேன்.

டை போடுகிறவர்களைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. போடுவதும் விடுவதும் அவரவர் தலை, அவரவர் விருப்பம்.

தொடங்கும் முன் ஒன்று. 25 வயதுக்குள்ளேயே நிறைய நரைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டி பி12 வைட்டமினையும் தைராய்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் வட்டமாகத் திடீரென்று வெளுத்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாற்பது, ஐம்பதில் வரும் நரைக்கு இந்தக் கவலை வேண்டாம். முடியின் வேரில் நிறமி தயாரிக்கும் செல்கள் வயதோடு குறைந்துகொண்டே வருகின்றன, அவ்வளவுதான். ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது கட்டுக்கதை. ஆனாலும் பிடுங்காதீர்கள், வேர் பழுதாகி அந்த இடம் வழுக்கையாகலாம்.

படி 1: அளவு நாடாவை எடுங்கள்

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக. உங்கள் முடியின் நீளத்தை அளந்தால் எத்தனை மாதம் ஆகும் என்பது தெரிந்துவிடும். 30 சென்டிமீட்டர் முடி முழுதும் வெள்ளையாக இரண்டிலிருந்து இரண்டரை ஆண்டு ஆகும். இடுப்பளவு பின்னல் என்றால் ஐந்தாறு ஆண்டு. கிராப்பு வைத்த ஆண்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் வேலை முடிந்துவிடும். மாதாமாதம் சலூனில் ஒட்ட வெட்டிக்கொண்டாலே போதும், மீதிப் படிகளில் வெயிலையும் தண்ணீரையும் மட்டும் படித்துக்கொள்ளலாம். மீசையை மட்டும் கறுப்பாக வைத்திருக்கும் யோசனை வேண்டாம். தலை வெளுத்து மீசை கறுத்தால் ஒட்டு மீசை போலத் தெரியும்.

படி 2: ஆடியில் தொடங்குங்கள்

முதல் இரண்டு மாதம்தான் மனம் அதிகம் ஊசலாடும். அந்த நாட்களில் கண்ணாடி முன் அலங்கரித்துக்கொண்டு நிற்க வேண்டிய கட்டாயம் குறைவாக இருப்பது நல்லது. ஆடியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஆனிக் கடைசியில் போட்ட டையைக் கடைசி டையாக வைத்துக்கொண்டால், ஆவணி முகூர்த்தங்கள் வருவதற்குள் வெள்ளைக் கோடு உங்கள் கண்ணுக்குப் பழகியிருக்கும். ஆடியைத் தவறவிட்டவர்களுக்கு மார்கழி இருக்கிறது.

படி 3: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

மொட்டைதான் மிக விரைவான வழி. இந்த விஷயத்தில் வடஆற்காட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி. இன்னொரு பக்கம் அரக்கோணம் தாண்டினால் திருத்தணி. திருமலைக் கல்யாணகட்டாவில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தால் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. மூன்று மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் வெள்ளை முடி, ஒரே நிறத்தில், கோடே இல்லாமல் வந்திருக்கும். பெண்களும் முழு மொட்டை அடித்துக்கொள்ளும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. சில வீடுகளில் பெண்கள் மூன்று கத்தரி பூமுடி மட்டும் கொடுப்பார்கள். வேண்டுதலுக்கு அது போதும், நரைக்கு மாறுவதற்குப் போதாது.

இரண்டாவது வழி, கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியைக் குறைத்துக்கொண்டே வருவது. என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும். ஓராண்டு, ஒன்றேகால் ஆண்டில் கறுப்பு நுனி போய்விடும்.

மூன்றாவது, நீளத்தைத் தொடாமல் காத்திருப்பது. பின்னலை விட மனமில்லாதவர்களுக்கு வேறு வழியில்லை. பொறுமைதான் செலவு.

படி 4: கோட்டைச் சமாளித்தல்

நேர்வகிடு எடுத்தால் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். சீப்பின் முனையால் வகிட்டை வளைத்து வளைத்து எடுங்கள். இரு பக்க முடியும் ஒன்றோடொன்று கலந்து கோடு உடையும். வகிடே எடுக்காமல் பின்னோக்கி வாரிக் கொண்டை போடுவது இன்னும் சுலபம். காதோரம்தான் முதலில் வெளுக்கும், அங்கே இரண்டு பக்கமும் சின்னக் கிளிப் போதும். கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம் வைத்தால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். முக்கியமான நாளில் மட்டும், வகிட்டில் தூவிக் குளித்தால் போய்விடும் தலைமுடிப் பவுடரைப் பயன்படுத்தலாம். அது வேருக்குள் இறங்காது, எனவே உங்கள் கணக்கும் கெடாது.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், அனுபவமுள்ள பார்லரில் கறுப்புப் பகுதியில் மெல்லிய வெளிர் இழைகளை எடுக்கச் சொல்லலாம். கோடு மங்கும். ஆனால் பல ஆண்டு டை ஏறிய முடியை மொத்தமாக பிளீச் செய்து ஒரே நாளில் வெள்ளையாக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிரந்தர டை முடியின் உட்பகுதிக்குள் போய்த் தங்குகிறது, கழுவினால் போகாது. பிளீச் போட்டால் பெரும்பாலும் செம்பட்டையில்தான் போய் நிற்கும், முடியும் வைக்கோலாகிவிடும்.

மருதாணியை இடைக்கால உதவியாகப் பலர் நினைக்கிறார்கள். நரைமுடியில் மருதாணி ஆரஞ்சு நிறமாகப் பிடிக்கும், அதுவும் எளிதில் போகாது. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் சில பெரியவர்கள் தாடிக்கு இட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் பிடித்திருந்தால் தாராளமாக இடலாம். ஆனால் வெள்ளைக்குப் போக விரும்புகிறவர் மருதாணி இட்டால் எண்ணிய மாதங்களை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பது பெரும்பாலும் மருதாணியே அல்ல. டையில் இருக்கும் பாரா ஃபினைலின் டையமின் என்ற ரசாயனம்தான் அதிலும் பல நேரம் இருக்கும். டையால் பலருக்கு அரிப்பும் முக வீக்கமும் வருவது இதனால்தான்.

படி 5: தண்ணீர்

வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகள் உதவாத இடம் இதுதான். நம் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புத்தண்ணீர். வாளியில் வெள்ளைப் படிவம் விடுகிற தண்ணீர் முடியிலும் விடும். நரைமுடி இயல்பிலேயே கொஞ்சம் வறண்டது, வயதாக ஆகத் தலையில் எண்ணெய்ப் பசை குறைகிறது. அதன் மேல் உப்பும் படிந்தால் துடைப்பக்குச்சி போல நிற்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளை முடி பழுப்பேறும்.

என்ன செய்யலாம்? போர் தண்ணீரில் குளித்து முடித்தபின், காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் கடைசி இரண்டு சொம்பை மட்டும் அந்தத் தண்ணீரில் ஊற்றிக்கொள்ளுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது. சோப்பைத் தலையில் போடவே வேண்டாம்; உப்புத்தண்ணீரில் அது பிசுக்காகப் படியும். சீயக்காய் பரவாயில்லை, ஆனால் நன்றாக அலச வேண்டும், தூள் தங்கினால் வெள்ளையில் அழுக்கு போலத் தெரியும். ஷாம்பு போடுகிறவர்கள் பிறகு கண்டிஷனர் தடவ மறக்காதீர்கள்.

எண்ணெய் வேண்டும், ஆனால் நிறமில்லாத எண்ணெய். சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். பச்சையும் கருப்புமாக இருக்கும் மூலிகைத் தைலங்கள் வெள்ளை முடியில் கறை விடும். முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்கள் நெற்றியோரத்தைக் கவனியுங்கள், அங்கே மஞ்சள் அப்படியே ஏறும்.

மஞ்சளித்துப்போனால் கடைகளில் ஊதா நிற ஷாம்பு கிடைக்கிறது. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் செய்கிற வேலையை அது முடிக்குச் செய்யும். வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், இரண்டு மூன்று நிமிடத்தில் அலசிவிடுங்கள். அதிக நேரம் விட்டால் முடி லேசாக ஊதா அடிக்கும். சொட்டு நீலத்தையே தலையில் ஊற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: கூடாது.

படி 6: வெயில்

அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. கறுப்பு முடிக்கு அதன் நிறமியே ஓரளவு காவல். வெள்ளைக்கு அந்தக் காவல் இல்லாததால் வெயிலில் சீக்கிரம் மஞ்சளித்து உடையும், அடர்த்தி குறைந்திருந்தால் வகிட்டுத் தோலும் எரியும். லாங் பஜாருக்கு மதியத்தில் போக வேண்டியிருந்தால் குடை பிடியுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டால் வியர்வைப் பிசுக்கு முடியில் ஏறாது.

படி 7: கேள்விகள்

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?" என்பதுதான் முதலில் வரும். "நன்றாக இருக்கிறேன், டை போடுவதை விட்டுவிட்டேன்" என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். காரணம் விளக்கத் தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும், எதிரில் இருப்பவர் தன் டை விவரத்தைச் சொல்லத் தொடங்குவார். பஸ்ஸில் "பாட்டி, உட்காருங்கள்" என்று யாராவது எழுந்தால், சண்டை போடாமல் உட்கார்ந்துவிடலாம். காட்பாடி வரை நின்றுகொண்டு போவதில் என்ன பெருமை?

புடவை நிறம் கொஞ்சம் மாற வேண்டியிருக்கலாம். வெளிர் நிறங்களில் முகம் சோர்ந்து தெரிந்தால் அடர்நீலம், அரக்கு, மயில் பச்சை என்று போய்ப் பாருங்கள்.

மனம் மாறினால்

பாதியில் வேண்டாமென்று தோன்றினால் திரும்பப் போடலாம், சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் பழைய பாக்கெட்டை எடுத்து நேரே தலையில் பூசாதீர்கள். முன்பு ஒத்துக்கொண்ட டை எப்போது வேண்டுமானாலும் ஒவ்வாமை தரலாம். கலந்த டையில் ஒரு சொட்டைக் காதின் பின்புறமோ முழங்கை உட்புறமோ தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, வீக்கம் எதுவும் இல்லாவிட்டால் மட்டும் போடுங்கள்.