25 வருடம் கழித்துத் திரும்பி வருகிறவர்கள்: ‘ட்வின் பீக்ஸ்’ பார்க்கவும் காட்டவும் ஒரு வழி

‘ட்வின் பீக்ஸ்’ சீரியலை நான் மூன்று தடவை மற்றவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை சொதப்பியது. முதல் தடவை 2017-ல். மே 21 ஞாயிறு இரவு அமெரிக்காவில் அது திரும்ப ஆரம்பித்தபோது இங்கே திங்கள் விடிந்துவிட்டது. திங்கள் ராத்திரி வேலை முடிந்து நானும் இரண்டு நண்பர்களும் கூடுவோம். ஐந்தாவது வாரமே ஒருவன் எழுந்து போய்விட்டான். “கூப்பரைப் பார்க்கத்தானே வந்தேன், இது கூப்பரே இல்லையே” என்றான். அடுத்த தடவை, 2019-ல், என் தங்கைக்கும் அவள் தோழிக்கும் மொத்தத்தையும் நான்கே நாளில் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் இருவரும் தூங்கப் போனார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவது தடவை, 2025 ஜனவரியில் சீரியலின் இயக்குநர் டேவிட் லிஞ்ச் இறந்த பிறகு, திருச்சியில் என் அத்தையோடு பார்த்தேன். தபால் ஆபீஸில் 34 வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்தத் தடவைதான் எல்லாம் சரியாக அமைந்தது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதை சுருக்கமாக. 1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசி சேனலில் தொடங்கியது. எழுதி உருவாக்கியவர்கள் டேவிட் லிஞ்ச்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும். வாஷிங்டன் மாநிலத்தில் காடும் மரம் அறுக்கும் ஆலையுமாக ஒரு சின்ன ஊர். லாரா பாமர் என்ற பள்ளிக்கூடப் பெண்ணின் உடல், பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி, தண்ணீர்க் கரையில் கிடக்கிறது. விசாரிக்க வருகிறார் எஃப்.பி.ஐ. ஏஜென்ட் டேல் கூப்பர். காப்பியையும் ‘செர்ரி பை’ என்ற பழப் பலகாரத்தையும் ரசித்துச் சாப்பிடுகிற, யாரிடமும் அன்பாகப் பேசுகிற மனிதர். இரண்டு சீசன், 30 எபிசோட். 1991 ஜூன் 10 அன்று, கூப்பரை மிக மோசமான ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுச் சீரியல் நின்றது. அந்தக் கடைசி எபிசோடில் லாரா கூப்பரிடம் ஒன்று சொல்வாள்: 25 வருடம் கழித்து மறுபடி உன்னைப் பார்ப்பேன். கிட்டத்தட்ட அப்படியேதான் நடந்தது. 2017-ல் ஷோடைம் சேனலில் 18 பாகங்களாகத் திரும்ப வந்தார்கள், அதே நடிகர்கள், நிஜமாகவே அத்தனை வருடம் கூடிய முகங்களோடு.

இந்த முகங்களுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

முதலில் பழையதை முழுசாகப் பார்க்க வேண்டும். பைலட் எனப்படும் முதல் எபிசோடைப் போடும்போது அதன் நீளத்தைக் கவனியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே இருந்தால் சரியானது. இரண்டு மணி நேரத்தை ஒட்டி வந்தால் அது வெளிநாட்டு வீடியோ சந்தைக்காகச் செய்த பதிப்பு. அதில் கொலைகாரன் யார் என்று சொல்லி ஒரு முடிவை ஒட்டவைத்திருப்பார்கள். தெரியாமல் அதைப் போட்டுவிட்டால் பின்னால் வரும் அத்தனை எபிசோடும் வீண்.

இரண்டாவது சீசனின் நடுவில் கதை தொய்கிறது. பழைய 30-ல் லிஞ்ச் இயக்கியது ஆறுதான், இந்த நடுப்பகுதியில் அவர் கை இல்லை. பலர் இங்கேதான் விட்டுவிடுவார்கள். விட வேண்டாம், ஆனால் கஷ்டப்பட்டுக் கவனிக்கவும் வேண்டாம். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். கடைசி எபிசோடுக்கு லிஞ்ச் திரும்பி வருவார், அப்போது கீரையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அப்புறம் 1992-ல் வந்த சினிமா, ‘ஃபயர் வாக் வித் மீ’. லாராவின் கடைசி ஏழு நாள். நேராகத் திரும்பி வந்த பாகங்களுக்குப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017-ல் வருகிற பல விஷயங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரு சிறுமிக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கும் கொடுமையைப் பற்றிய படம் அது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. கூட உட்காரும் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் அத்தையிடம் சொன்னேன். ஒரு நாள் யோசித்து, “பகல்ல போடு, ராத்திரி வேண்டாம்” என்றார். பகலிலேயே பார்த்தோம்.

இதுவரை பிப்ரவரியும் மார்ச் பாதியும் ஆகியிருந்தது. நான் உடனே அடுத்ததைப் போடவில்லை. ஒரு மாதம் முழுக்க நிறுத்தி வைத்தேன். தங்கையிடம் செய்த தவறு இதுதான். முந்தின நாள் ராத்திரி இளமையாகப் பார்த்த கூப்பரை மறுநாள் காலை வயதானவராகப் பார்த்தால், மேக்கப் போட்ட மாதிரிதான் இருக்கும். 1991-ல் விட்டவர்களுக்கு நடுவில் 26 வருடம் கிடைத்தது. கல்யாணம், வேலை, சாவு எல்லாம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும். நமக்கு அது கிடைக்காது. குறைந்தது ஒரு மாதமாவது கொடுத்தால் முகங்கள் கொஞ்சம் மங்கும். மங்கின பிறகு பார்ப்பது வேறு.

அந்த மாதத்தில் ஒரு வேலை உண்டு. ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு வாங்கி, அத்தையிடம் கொடுத்தேன். இடது பக்கம், யார் யாரைத் திரும்பப் பார்க்க ஆசை, அவர்களைக் கடைசியாக எந்த நிலையில் பார்த்தோம் என்று எழுத வேண்டும். வலது பக்கம் காலி. அவர்கள் திரும்பி வரும் நாளில் கண்ணில் பட்டதை மட்டும் அங்கே எழுதலாம். பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது அதில் வரக் கூடாது. அத்தை 14 பேர் எழுதினார். கூப்பர் முதல் பேர் இல்லை. கையில் எப்போதும் ஒரு மரக்கட்டையைக் குழந்தை மாதிரி ஏந்தி வரும் மார்கரெட்தான் முதல் பேர்.

ஏப்ரல் கடைசியில் தொடங்கினோம். வாரத்துக்கு ஒரு பாகம், செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி, ஆகஸ்ட் வரை. கடைசி இரண்டைத் தவிர, அதற்கு மேல் ஒன்று கூடப் போடவில்லை. இதில் நான் பிடிவாதமாக இருக்கச் சொல்வேன். பெரும்பாலான பாகங்கள் ரோட்ஹவுஸ் என்ற மது விடுதியில் ஏதாவது ஒரு பாட்டுக் குழு பாடுவதோடு முடியும். கதை முடிந்துவிட்டது என்று அதை ஓட்டிவிடாதீர்கள். பார்த்தது உள்ளே இறங்குவதற்கான நேரம் அது. தொடக்கத்தில் வரும் ஏஞ்சலோ பாதலமென்டியின் பழைய இசையையும் அருவியையும் அப்படியே ஓட விடுங்கள்.

ஒரு விஷயத்தை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். மற்ற ரசிகர்கள் இதற்கு என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. நமக்குப் பிடித்த அந்தக் கூப்பர் முழுசாக வருவது 16-ஆம் பாகத்தில். அதுவரை, கூப்பராக நடிக்கும் கைல் மெக்லாக்லன் வேறு ஆட்களாக வருவார். ஒருவன் கருணையே இல்லாதவன். இன்னொருவன் டகி என்று எல்லோரும் கூப்பிடும் ஆள், பேச்சு மறந்து, சொன்ன வார்த்தையின் கடைசியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு லாஸ் வேகஸில் நடமாடுகிறான். 2017-ல் இதைச் சொல்ல யாரும் இல்லை. வாரா வாரம் ‘இன்றைக்கு வந்துவிடுவார்’ என்று உட்கார்ந்து, வராமல் போய், கோபம்தான் வந்தது. என் நண்பன் விலகிப் போனது அந்தக் கோபத்தில்தான். தெரிந்து உட்கார்ந்தால் காத்திருப்பு போய்விடும், கவனிப்பு வரும். டகி ஒரு கப் காப்பியை வாயில் வைக்கும் நொடியைப் பாருங்கள். அந்த ஒரு மடக்கில் பழைய மனிதர் கண்ணில் வந்து போவார். அத்தை ஒவ்வொரு காப்பிக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டார்.

எப்போது வருவார் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படி வருவார் என்று சொல்லவே கூடாது.

யாராவது பழைய ஆள் திரையில் வந்ததும் கூட இருப்பவர்கள் முதலில் சொல்வது “ஐயோ, இப்படி ஆயிட்டாரே” என்பதுதான். கல்யாண வீட்டில் பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததும் நாம் சொல்கிற அதே சொல். அதற்குப் பதில் சொல்லாதீர்கள், நடிகரின் வயதைத் தேடி வாசித்துக் காட்டாதீர்கள். அடையாளம் தேடுகிற அந்த ஒரு நிமிடம் பார்க்கிறவருக்குச் சொந்தம். 4-ஆம் பாகத்தில் பாபி வருவான். லாராவின் காதலன், அடாவடிப் பையன், அத்தைக்கு அவனைக் கண்டாலே ஆகாது. இப்போது நரைத்த தலையோடு அதே ஊரில் போலீஸ் வேலை பார்க்கிறான். ஓர் அறைக்குள் நுழைகிறான், மேஜை மேல் லாராவின் போட்டோ. பழைய இசை தொடங்குகிறது, அவன் முகம் கோணி அழுகை வருகிறது. அத்தை வலது பக்கத்தில் எழுதியது: “அவன் மறக்கவில்லை.” அவ்வளவுதான்.

வேகம் பற்றிப் புகார் வரும். 7-ஆம் பாகத்தில் ரோட்ஹவுஸ் தரையை ஒருவர் பெருக்குவதையே இரண்டு நிமிடத்துக்கும் மேல் காட்டுவார்கள். அங்கே எல்லோர் கையும் செல்போனுக்குப் போகும். போன்களை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருவது ஒன்றே வழி. 8-ஆம் பாகத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும்: விளக்கை அணைத்து, சத்தம் நன்றாக வைத்து, இரவில். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்ஸிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனைக்குள் கேமரா நேராகப் போகிறது, பெண்டரெட்ஸ்கி ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்காக எழுதிய இசையோடு. வசனம் மிகக் குறைவு. நடுவில் நிறுத்தி விளக்க வேண்டாம். 2017-ல் இதற்குப் பிறகு ஒரு வாரம் இடைவெளி விட்டுத்தான் 9-ஆம் பாகம் வந்தது. நாங்களும் அப்படியே ஒரு செவ்வாய்க்கிழமையைக் காலியாக விட்டோம்.

வராதவர்களைப் பற்றியும் முன்பே ஒரு சின்னக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்ல காட்சியின் நடுவே ‘அவர் எங்கே’ என்று கேள்வி வரும். பாப் என்ற கொடிய உருவமாக வந்த ஃப்ராங்க் சில்வா 1995-லும், பாபியின் அப்பாவாக வந்த டான் டேவிஸ் 2008-லும் இறந்துவிட்டார்கள். சினிமாவில் சில நிமிடம் வந்த டேவிட் பொவி 2016 ஜனவரியில் போனார், அவருடைய பாத்திரம் பெரிய கெண்டி மாதிரி ஒரு இயந்திரமாகத் திரும்பி வருகிறது. கூப்பரின் எஃப்.பி.ஐ. சகா ஆல்பர்ட்டாக வரும் மிகெல் ஃபெரர் நடித்து முடித்தார், ஒளிபரப்பைப் பார்க்க இல்லை.

மார்கரெட்டாக நடித்த கேத்தரின் கோல்சன் விஷயம் இதைவிடக் கனமானது. புற்றுநோய். 2015 செப்டம்பரில் இறந்தார், தன் காட்சிகளை அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் நடித்துக் கொடுத்தார். தலைமுடி இல்லை, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் அதே கட்டை. ஷெரிஃப் ஆபீஸில், அதாவது அந்த ஊர்ப் போலீஸ் நிலையத்தில், இருக்கும் ஹாக் என்ற அதிகாரிக்கு போன் செய்வார், அவ்வளவுதான் அவர் காட்சிகள். இதை நான் அத்தையிடம் முன்பே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன். முதல் பாகத்தில் அவரைப் பார்த்ததும் அத்தை மெதுவாக, “மாமாவுக்கும் கடைசியில இப்படித்தான் ட்யூப் இருந்தது” என்றார். பிறகு வாரா வாரம் “இன்னைக்கு அந்தம்மா வருவாங்களா?” என்பதுதான் கேள்வி. உங்கள் கூட்டத்தில் சமீபத்தில் யாரையாவது இழந்தவர் இருந்தால், தயவுசெய்து முன்பே சொல்லிவிடுங்கள்.

15-ஆம் பாகத்துக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். எட், நார்மா என்று இருவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒருவரை ஒருவர் விரும்பி, சேர முடியாமல் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள். அந்தப் பாகம் ஓட்டிஸ் ரெட்டிங் பாட்டோடு அவர்களுக்குப் பதில் சொல்கிறது. அதே பாகத்தில் மார்கரெட் ஹாக்குக்குக் கடைசியாக போன் செய்து, தான் சாகப் போவதைச் சொல்லிவிட்டு, குட்நைட் சொல்கிறார். முதல் பாகத்தின் முடிவில் நடிகையின் பெயரைப் போட்டு அஞ்சலி செலுத்தியிருப்பார்கள். 15-ல் பாத்திரத்தின் பெயரைப் போட்டு அஞ்சலி. ஒரே ஆளுக்கு இரண்டு சாவு, இரண்டு வணக்கம். நாங்கள் அன்றைக்கு ரோட்ஹவுஸ் பாட்டு முடிந்த பிறகும் டிவியை அணைக்கவில்லை. அத்தை எழுந்து போய் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் கூப்பர் வந்தபோது கைதட்டினார்.

கடைசி இரண்டு பாகத்தை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒளிபரப்பும் அப்படித்தான் நடந்தது. முடிவு எது என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், ஒரு பெண் திறப்பார். அவர் நடிகை இல்லை, அந்த வீட்டில் உண்மையாகவே குடியிருப்பவர். இதைப் பார்த்து முடித்த பிறகு சொல்லுங்கள், பார்த்தவர்களுக்கு இன்னொரு முறை சிலிர்க்கும். அன்றிரவு விளக்கம் எதுவும் தேட வேண்டாம். யார் என்ன கோட்பாடு வைத்திருக்கிறார்கள் என்று படிக்க ஆயிரம் பக்கங்கள் இருக்கின்றன, அவை எங்கும் போய்விடாது. அத்தை மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் செய்து, “ஏண்டா, அந்தப் பொண்ணு கடைசியில ஏன் கத்தினா?” என்றார். நான் நினைத்ததைச் சொன்னேன், அவர் நினைத்ததை அவர் சொன்னார். இரண்டும் வேறு வேறு. முக்கால் மணி நேரம் பேசினோம்.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. 14 பேரில் ஷெரிஃப் ஹாரி ட்ரூமன் திரும்பி வரவே இல்லை. மைக்கேல் ஆண்ட்கீன் நடிக்கவில்லை. அவர் நாற்காலியில் அண்ணன் ஃப்ராங்க்காக ராபர்ட் ஃபார்ஸ்டர் உட்கார்ந்திருப்பார், 7-ஆம் பாகத்தில் தம்பிக்கு போன் செய்து பேசுவார். அந்தப் பக்கத்துக் குரல் நமக்குக் கேட்காது. ஹாரியின் பெயருக்கு எதிரே, காலியாக விட மனசில்லாமல், அத்தை பென்சிலில் எழுதியிருக்கிறார்: “உடம்பு சரியில்லை. வரவில்லை.”